நாரை பிடிக்கப் போனோம்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாற்பத்திமூன்றா, நாற்பத்திநான்கா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை தகராறு உண்டு. கிறிஸ்துமஸ் லீவு என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம். நான் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் நான், மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். நான்காவதாக ஒரு கேமராவும் இருந்தது. மனைவி அதையும் ஆள் கணக்கில்தான் சேர்ப்பாள், ஆனால் பிரியத்தோடு அல்ல.

சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிக் கேமரா அது. கறுப்புத் தோல் ஒட்டிய சின்னப் பெட்டி. மேலே ஒரு கண்ணாடி இருக்கும். பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது அந்தக் கண்ணாடியில் குட்டியாகத் தெரியும். விசையைத் தட்டினால் படம் விழும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் சாவியைத் திருகி, பிலிமை அடுத்த நம்பருக்குச் சுற்ற வேண்டும். பின்பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி பதித்த துளை வழியாக நம்பர் தெரியும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். இவ்வளவுதான் அதன் வித்தை. இதை வைத்துக்கொண்டு நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பேச்சு உருவாகியிருந்தது. ‘படம் பிடிப்பது’ என்று முழுதாகச் சொல்வதை என்றைக்கோ விட்டுவிட்டோம். “இன்று புளியமரத்தைப் பிடித்தேன்”, “செட்டியார் வீட்டு வில்வண்டியைப் பிடித்தேன்” என்பேன். மகளும், “அப்பா, ஆட்டுக்குட்டியப் பிடிங்கப்பா” என்பாள். எங்கள் மூவருக்கும் புரிந்தது. உலகத்துக்கே புரியும் என்று நினைத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த வினைக்கு விதை.

அந்த ஐப்பசியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் மாமனார் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். மாமியார் காலமாகிவிட்டதால் தனியாகத்தான் இருந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து அவரால் ஊருக்கு வர முடியவில்லை. பேத்தியைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், அறுத்தபின் பார்வை எப்படி இருக்கும் என்று அவரே உறுதி சொல்லவில்லை, அதனால் அதற்குமுன் உன்னையும் பேத்தியையும் ஒருதரம் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். என் மனைவி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். அழவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், “ஒங்க பொட்டியால ஒரு பிரயோசனம் வரட்டும்” என்றாள்.

பிலிம் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. மதுரையில் ஒரு ஸ்டுடியோக்காரரைப் பலதரம் கெஞ்சி ஒரே ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தேன். இதோடு தீர்ந்தது, அடுத்தது சண்டை முடிந்த பிறகுதான் என்று அவர் சொல்லிவிட்டார். எட்டுப் படத்தையும் நான் மனதில் எப்போதோ செலவழித்திருந்தேன். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கண்மாயில், மழை பெய்து தண்ணீர் நின்றால் நூற்றுக்கணக்கில் நாரை வந்து கூடு கட்டும் என்று கேள்வி. அந்த எட்டும் நாரைகளுக்கு என்பது என் எண்ணம். மனைவிக்கோ மதுரையைப் பார்க்க வேண்டும். முப்பது மைல் தூரத்தில் இருந்துகொண்டு கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஒருதரம்கூட அவளை நான் கூட்டிப்போனதில்லை. பிலிம் வாங்க மட்டும் நான் மூன்றுதரம் போய்வந்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட அவள் தவறியதில்லை.

கடைசியில் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒரே நாள் பயணம். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, காலையில் கண்மாய், பகலில் மதுரை, இருட்டும் முன் திரும்புவது. மறுநாள் ஞாயிறு, சர்ச் ஆராதனையில் நான் ஆர்மோனியம் வாசிக்க வேண்டும், அதனால் தங்க வழியில்லை. எட்டுப் படத்தில் நாலு நாரைக்கு, நாலு மதுரைக்கு. மதுரை நாலில் ஒன்று, மகால் தூணருகே, நடுப்பகல் வெயிலில், மனைவியும் மகளும் நிற்பது. அது கொழும்புக்கு. நோட்டில் அதற்குக் கீழே மனைவி தன் கையால் இரண்டு கோடு போட்டாள். “ஏன், மதுரையிலேயே ஒரு ஸ்டுடியோவுல எடுத்துருவமே” என்றும் கேட்டாள். கேமரா வைத்திருக்கிறவன் பெண்டாட்டி ஸ்டுடியோவில் போய் நிற்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றேன்.

இன்னொன்றும் அவள் கேட்டாள். மதுரை வடக்கே இருக்கிறது, திருச்சுழி கிழக்கே இருக்கிறது. “வடக்க போறதுக்குக் கெழக்க கெளம்புறது தலையச் சுத்தி மூக்கத் தொடுறதுல்ல?” நாரைக்குக் காலை வெயில்தான் வேண்டும் என்று நான் விளக்கினேன். “நாரைக்கு எது வேணும்னு தெரியுது” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

வண்டிக்கு வீரசோழன் என்ற ஊர்க்காரப் பாய் ஒருவரைப் பிடித்தேன் (இதிலும் பிடித்தேன்தான்). பெட்ரோல் ரேஷன் ஆனதால் வாடகைக் கார்கள் எல்லாம் கரியில் ஓடின. காரின் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் கருவேலங்கரியைக் கொட்டி, பற்றவைத்து, கையால் துருத்தியைச் சுற்றிச் சுற்றி ஆவி கிளம்பியதும் வண்டி ஓடும். பாய் நல்ல மனுஷர், வண்டிதான் கொஞ்சம் கோளாறு. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி உயிர் வர அரைமணி ஆகும், அதனால் நீங்கள் இறங்கினாலும் நான் உறுமவிட்டே வைத்திருப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வெளுக்கும் நேரத்தில் கிளம்பினோம். திருச்சுழி தாண்டி வண்டிப்பாதையில் ஆடி ஆடிப் போய்க் கண்மாய்க் கரை அடிவாரத்தில் நின்றபோது சூரியன் பனை உயரம் வந்திருந்தது. மனைவியும் மகளும் காரிலேயே இருந்தார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினேன்.

கரிசக்காட்டுக்காரன் நான், தண்ணீரைக் கண்டாலே ஒரு நிமிஷம் நிற்பவன். அன்று கண்மாய் கரை தொட்டு நிறைந்திருந்தது. உள்ளே நின்ற கருவேல மரங்களில் இலை தெரியவில்லை, வெள்ளை வெளேரென்று நாரைகள்தான் தெரிந்தன. கூட்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. 

கரையில் ஒரு அம்மாள் அரிவாளோடு புல் அறுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னையும் கீழே புகைந்துகொண்டிருந்த காரையும் பார்த்தார்.

“யாருய்யா? என்ன சோலியா வந்தீக?”

“நாரை பிடிக்க வந்தோம்” என்றேன், ரொம்பச் சந்தோஷமாக.

அவர் சத்தம் போடவில்லை. அறுத்த புல்லைக் கீழே வைத்தார். மடையருகே நின்றிருந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்து, “ஏண்ணே, இங்கிட்டு வாங்க. காரு போட்டு நாரை பிடிக்க வந்திருக்காக” என்றார்.

வந்தவர் அந்தக் கண்மாயில் மடை திறந்து தண்ணீர் விடுகிறவர். அவர் பின்னாலேயே வயலிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவர் நிதானமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “போன மாசம் ரெண்டு பேரு துப்பாக்கியோட வந்தாக. நாங்க ஓடியாரதுக்குள்ள ஒம்போது உருப்படி. அதுக்குப் பெறகு மூணு நாளு ஒரு பறவ எறங்கல. இதுக எச்சம் விழுந்த தண்ணிதான் எங்க வயலுக்கு உரம். விறகுக்குன்னு இந்த மரத்துல ஒரு குச்சி ஒடிக்க மாட்டோம். நீங்க பிடிக்க வந்திருக்கீக.”

“என்னிடம் துப்பாக்கி இல்லையே” என்றேன்.

“பொட்டி இருக்கே. உள்ள என்ன, கண்ணியா?”

“அதெல்லாம் இல்லை.”

“அப்ப தொறந்து காட்டுங்க.”

கேமராவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுச் சுருள் முழுக்க வீண். அந்தச் சுருள் போனால் மதுரை இல்லை, மகால் இல்லை, கொழும்புக்குப் படம் இல்லை. அது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. திறக்க முடியாது என்றேன். ஏன் என்றார். பிலிம், ரசாயனம், வெளிச்சம் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று குழம்பி, எளிதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: “தொறந்தா உள்ள இருக்கிறது போயிரும்.”

எல்லாரும் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாள் சொன்னார்: “அப்ப ஒண்ணப் பிடிச்சு உள்ள வச்சுட்டீக.”

மடைக்காரர் கையை நீட்டினார். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். பிள்ளையைப் பறிகொடுக்காமல் காப்பாற்றுகிறவன் மாதிரி நின்றேனாம், மனைவி பின்னால் சொன்னாள். அவளுக்குக் கீழேயே விஷயம் புரிந்துவிட்டது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறிவந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சா?” என்று மட்டும் முணுமுணுத்தாள். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, “அக்கா, அவுக சொல்லத் தெரியாம சொல்லிட்டாக. நீங்க இந்தக் கண்ணாடியப் பாருங்க, தொறக்காமலே தெரியும்” என்று, நான் தடுக்கும் முன் என் இடுப்போடு கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“யாத்தே, உள்ள நாரை நிக்குதுண்ணே. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா நிக்குது.”

போச்சுடா என்று நினைத்தேன். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் இருந்த ஒரு பனைமரத்து நிழலில் நின்றாள். என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

“இப்பப் பாருங்கக்கா.”

“இப்ப ஒரு புள்ள நிக்குது. பக்கத்துல நீயும் நிக்கிற.”

“நான் இங்கன வெளியதான நிக்கிறேன்?”

அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “நாரையப் பிடிக்கலண்ணே, நாரையோட நெழலப் பிடிக்க வந்திருக்காக. அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்னய்யா வாத்தியாருக்கு?” நான் வாத்தியார் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாரோ.

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். என் மனைவி கொழும்பையும் தன் அய்யாவின் கண்ணையும் இரண்டே வாக்கியத்தில் அந்த அம்மாளிடம் சொன்னாள். கேட்டதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “அப்ப மொதல்ல புள்ளைய எடுங்க. நாரை எங்க போயிரும்” என்றார். என் திட்டத்தில் முதல் படம் நாரை. மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை. பனை நிழலில் தாயும் மகளும் நின்றபடி இருக்க, விசையைத் தட்டினேன். அந்த ஊர்க்காரர்கள் எனக்கு இட்ட கட்டளையால் எடுத்த படம் அது.

மடைக்காரர் என்னிடம், “இங்கனயே நின்னு எடுத்துக்கங்க, தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது” என்றார். சரி என்று கண்மாய்ப் பக்கம் திரும்பினேன். அதே நேரம் கீழே பாயின் வண்டி ‘டமார்’ என்று ஒரு வெடி வெடித்தது. கரி வண்டிக்கு அந்த வியாதி உண்டு.

கண்மாய் முழுக்க எழும்பியது. அத்தனை நாரையும் ஒரே நேரத்தில். சிறகு அடிக்கும் காற்று எங்கள் முகத்தில் பட்டது. நான் யோசிக்கவே இல்லை, தட்டினேன். வாழ்க்கையில் இப்படி ஒரு படம் இனி வாய்க்காது என்று ஒரே மகிழ்ச்சி. அவசரமாகச் சாவியைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன்.  கூட்டில் தனியாகக் கிடந்த குஞ்சுகளை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பறவைகள் வட்டமடித்து வட்டமடித்து ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த அம்மாள் புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “பிடிச்சிட்டீகல்ல, கெளம்புங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. மற்ற மூன்று நாரைப் படங்களைக் கேட்காமலே கரையிறங்கினேன்.

மதுரைக்குப் போகும் வழியில் நோட்டை எடுத்து எழுதினேன். ஒன்று, மனைவியும் மகளும். இரண்டு, நாரைகள். எழுதிவிட்டுக் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அடுத்து எடுக்க வேண்டிய நம்பர் மூன்று என்று காட்ட வேண்டும். சிவப்புக் கண்ணாடியில் இரண்டு என்று நின்றது.

 பிள்ளையை எடுத்தபின் நான் பிலிமைச் சுற்றவில்லை. ஒரே துண்டில் அவர்களையும் எடுத்து, அதன்மேலேயே நாரைகளையும் எடுத்திருக்கிறேன். கேமராவைத் தொட்ட முதல் வாரத்தில் பிள்ளைகள் செய்கிற தப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இதைச் செய்தபோது அவனைப் பார்த்து வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். “அய்யாவுக்கு எடுத்த படம் நல்லா விழுந்திருக்குமா?” என்று கேட்டாள். “ம்” என்றேன்.

காரியாபட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி படுத்துவிட்டது. மார்கழிப் பனியில் கரி நமுத்துப்போய்க் குழாய் அடைத்துக்கொண்டதாம். பாய் சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழாயாகக் கழற்றிக் குத்தினார். சாலையோரம் கொண்டுவந்த கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். தலைக்குமேல் நல்ல வெயில். கேமராவில் ஏழு படம் மிச்சம். அங்கேயே இருவரையும் நிறுத்தி இன்னொன்று எடுத்திருந்தால் முடிந்தது. எடுத்தால், அய்யாவுக்குத்தான் எடுத்தாகிவிட்டதே, இது எதற்கு என்று கேட்பாள். சொல்ல வேண்டி வரும். மதுரையில் மகால் தூணருகே எப்படியும் எடுக்கப்போகிறோம், அது நன்றாக விழுந்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கேமராவை மடியில் வைத்தபடி நாலு மணி நேரம் சும்மா இருந்தேன்.

மதுரைக்குள் நுழைந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது, வானமும் மூடிக்கொண்டது. மகாலுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. அந்தக் காலத்தில் மகாலுக்குள் கோர்ட்டு நடந்துவந்தது. லீவுக்குக் கோர்ட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது, நாரைக்கு எந்த வெயில் வேண்டும் என்று யோசித்த என் மூளைக்கு எட்டவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், மங்கலில், இருவரையும் நிறுத்தி மூன்று படம் எடுத்தேன். கோபுரத்துக்கு எதிரே இரண்டு. ஒரு வளையல் கடை வாசலில் இரண்டு. “ஏன் எங்களையே பிடிக்கீக, நாலுதான எழுதியிருந்தீக?” என்று மனைவிக்கு ஆச்சரியம். பெருமையும்கூட. எட்டு வருஷத்தில் அவளை நான் அத்தனை தரம் குனிந்து பார்த்ததில்லை. மகளுக்கு வளையல் வாங்கினாள், ஹோட்டலில் காப்பி குடித்தாள், கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். சுருளை ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். கிளம்பும்போது, “பாத்தாச்சு” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் படங்கள் வந்தன. மதுரைப் படங்கள் ஏழும் கரும்பலகை. ஒன்றில் மட்டும் உற்றுப் பார்த்தால் ஒரு வளையல் தெரிந்தது. எட்டாவதாக, நான் பயந்த படம். இரண்டு பேரின் முகமும் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் பனை நிழலின் கறுப்பில் அவர்கள் மேலும், தலையைச் சுற்றியும், உடம்பு வழியாகவும் நாரைகள் வெள்ளை வெள்ளையாகப் பறந்தன. மகளின் கன்னத்தில் குறுக்கே ஒரு சிறகு.

மனைவி அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். “இது எப்படி?” என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். “வேண்டுமென்றேதான் செய்தேன். இப்போது இப்படித்தான் எடுக்கிறார்கள், கலை” என்றேன்.

அவள் நம்பினாள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. “அழகாத்தான் இருக்கு” என்றாள். பிறகு, “அய்யாவுக்கு இத வெவரமா எழுதிரவா?” என்று கேட்டாள்.

“எதற்கு? பார்த்தாலே தெரியும்” என்றேன். கண்ணில் புரை விழுந்த மனிதருக்கு.

ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று பதில் வர. தணிக்கை ஆபீசில் உடைத்து ஒட்டிய உறை. மனைவி அடுப்படியில் நின்று சத்தமாக வாசித்தாள். எனக்கு நினைவிருக்கிற வரை இப்படி எழுதியிருந்தார்: ‘படம் வந்தது மகளே. நீயும் பேத்தியும் நன்றாகத் தெரிகிறீர்கள். ஆனால் உங்கள் மேல் கொக்கோ நாரையோ பறப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. பிள்ளை கன்னத்தில் ஒரு சிறகு கிடக்கிறது. கண்ணைக் கழுவிவிட்டும் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். போகவில்லை. யாரிடமும் காட்டவில்லை, முதலாளிக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். இல்லாதது தெரிகிற அளவுக்குக் கண் கெட்டபின் அறுத்து என்ன ஆகப்போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிட்டேன். வருத்தப்படாதே. முகத்தைப் பார்த்துவிட்டேன், அது போதும்.’

‘அது போதும்’ என்ற இடத்தில் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

தந்திக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால்: ‘பறவைகள் படத்தில் உள்ளன. கண்ணில் இல்லை. ஆஸ்பத்திரி போகவும்.’ தபால் மாஸ்டர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கடல் தாண்டிப் போகும் தந்தியில் சங்கேத வார்த்தை கூடாது என்பது அப்போது சட்டம்.

“பறவைன்னா என்னய்யா? ஏரோப்ளேனா?”

“நாரை சார்.”

“கொழும்புல ஒருத்தர் கண்ணுல நாரை இல்லன்னு அருப்புக்கோட்டையிலருந்து தந்தியா? இத நான் அனுப்பினா என் வேலை போயிரும். என்ன ஏதுன்னு வெவரமாச் சொல்லும்.”

எனக்குப் பின்னால் மணியார்டருக்கு நின்றவர்கள், பாளையம்பட்டியிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள், என் மாணவன் ஒருவனின் தகப்பனார். அவர்களுக்கும் பின்னால் என் மனைவி. வேறு வழியில்லை. நான் பிலிமைச் சுற்ற மறந்தேன், ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டது, அதை மறைத்துக் கலை என்று பொய் சொன்னேன், அதனால் ஒரு பெரியவர் தன் கண் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை சொன்னேன். பாடம் நடத்திப் பழகிய குரல், மெதுவாகப் பேசவும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தபால் மாஸ்டர் பேனாவை மையில் தொட்டு, நான் எழுதியதை அடித்தார். “அப்ப இத நேரா எழுதறதுக்கென்ன” என்று அவரே எழுதினார்: ‘படம் என் தவறு. உங்கள் கண் சரி. ஆஸ்பத்திரி போகவும்.’ கீழே என் கையெழுத்து.

வெளியே வந்து கடைத்தெரு வழியாக இருவரும் நடந்தோம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

“தொறந்தா உள்ள இருக்கிறது போயிரும்னு சொன்னீகளே. தொறந்துட்டீக. என்ன போயிருச்சு?”



மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கண் தேறியது, மற்றது தேறவில்லை. சண்டை முடிந்து அவர் ஊருக்கு வந்த அன்று, மகள் கொஞ்சம் வளர்ந்து, முன்பல் விழுந்து முளைத்து வாசலில் நின்றாள். அவர் கனத்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார், தலைக்குமேலே பார்த்தார், பின்னால் எட்டிப் பார்த்தார். “நாரையெல்லாம் எங்கத்தா?” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவர் பெட்டியில் பத்திரமாகத் திரும்பி வந்த அந்தப் படம்தான் இன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதிசயித்து இதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், கலை என்ற சொல் இன்னமும் என் நாக்கு நுனிவரை வரத்தான் செய்கிறது, அதை விழுங்கிவிட்டு, “சுற்ற மறந்துவிட்டேன்” என்று சொல்லப் பழகியதுதான் அந்தப் பயணத்தில் நான் கொண்டுவந்த ஒரே உருப்படியான சாமான்.